பயன்பாட்டுக் கணக்கு வீட்டாரின் கையில் இருக்கட்டும்

ஆடித் தள்ளுபடி, தீபாவளி விற்பனை, ஆண்டிறுதிச் சலுகை என்று வருடம் முழுவதும் நம்மைத் தேடி வரும் விளம்பரங்கள் எல்லாம் விலையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது, எத்தனை தவணையில் கட்டலாம், எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு கழிவு என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை வருடம் உழைத்தது, எத்தனை முறை கைக்கு வந்தது என்று எந்த விளம்பரமும் கேட்பதில்லை. விற்பவருக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. ஆனால், ஒரு குடும்பத்தின் பணம் உருப்படியாகச் செலவானதா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. கொடுத்த விலையைப் பயன்படுத்திய தடவைகளால் வகுத்து, ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று காட்டும் சிறு இணையச் செயலிகள் இப்போது திறமூல மென்பொருளாக எழுதப்படுகின்றன. நிரல் முழுவதும் பொதுவில் இருக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பொழுதுபோக்காக நிரல் எழுதுபவர்களின் கைவேலை என்று இதைக் கடந்துபோய்விடக் கூடாது. பொருளின் விலையை எழுதுவது விற்பவர்; அதன் பயனை எழுதக்கூடியவர் வாங்கியவர் மட்டுமே. அந்தப் பாதிக் கணக்கு இதுவரை எங்கும் எழுதப்படாமலே இருந்துவந்திருக்கிறது. அதை எழுதத் தொடங்குவதும், எழுதிய கணக்கு எழுதியவரிடமே இருப்பதும் நுகர்வோர் உரிமையின் அடுத்த கட்டம்.

கணக்கு மிக எளிது. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டரும், அதே ஆறாயிரத்துக்கு கேக் செய்ய ஓர் அவனும் ஒரு வீட்டுக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரில் வாரம் இரண்டு முறை மாவு ஆட்டினால் வருடத்துக்கு 104 தடவை. பத்து வருடத்தில் 1,040 தடவை. இடையில் பெல்ட் மாற்றவும் கல் கொத்தவும் ஆயிரம் ரூபாய் ஆகட்டும். 150 வாட் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட் மின்சாரம். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் பத்து வருடத்துக்கு 520 ரூபாய். எல்லாம் சேர்த்து 7,520 ரூபாய். ஒரு தடவை மாவு ஆட்ட ஏழே கால் ரூபாய்கூட ஆகவில்லை. அவனில் முதல் வருடம் மாதத்துக்கு ஒரு கேக், அதன் பிறகு அது பரண் ஏறிவிட்டது என்றால், ஒரு கேக்குக்கு அந்த இயந்திரத்தின் பங்கு மட்டும் 500 ரூபாய். அதை அப்போதே 1,500 ரூபாய்க்கு விற்றிருந்தால் 375 ஆகக் குறைந்திருக்கும். கடை ரசீதில் இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்குள் வந்த பிறகு ஒன்றின் விலை வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகிறது. மற்றொன்றின் விலை அப்படியே நின்றுவிடுகிறது. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தள்ளுபடி என்பது தொகுதியைக் கொஞ்சம் குறைக்கும் வேலை. பாதி விலைக்கு வாங்கி இரண்டு முறை உடுத்திய சட்டையைவிட, முழு விலை கொடுத்து நூறு முறை உடுத்திய சட்டை பல மடங்கு மலிவு. பகுதியைப் பெருக்கும் வேலை முழுக்க முழுக்க வாங்குபவரைச் சார்ந்தது.

இதற்கு ஒரு செயலி எதற்கு, நம் வீடுகளில் வரவு செலவு நோட்டு எழுதும் பழக்கம் காலங்காலமாக இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நோட்டு மதிப்புமிக்கதுதான். ஆனால், அது பணம் வெளியே போன நாளோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மளிகை, பால், பள்ளிக் கட்டணம் போன்ற செலவுகளுக்கு அது போதும். வாங்கியது அந்த மாதமே தீர்ந்துவிடும். நீடித்து உழைக்க வேண்டிய பொருள்களுக்கு அது போதாது. இந்தியக் குடும்பங்களின் செலவில் அத்தகைய பொருள்களின் இடம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 2011-12இல் கிராமப்புறக் குடும்பச் செலவில் ஏறக்குறைய 53 சதவீதமாக இருந்த உணவின் பங்கு 2022-23இல் 46 சதவீதமாகக் குறைந்தது. நகரங்களில் அது 39 சதவீதத்துக்கு வந்துவிட்டது. நீடித்து உழைக்கும் பொருள்களின் பங்கோ இரு பகுதிகளிலும் ஏறி, 7 சதவீத அளவை எட்டியிருக்கிறது. சாப்பாட்டுச் செலவைக் கவனமாக எழுதிப் பழகிய கைகள், வாஷிங் மெஷினையும் கைபேசியையும் ஏர் பிரையரையும் எழுதும்போது ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்து வருடக் கதை இருக்கிறது.

வாங்கும்போதே இதையெல்லாம் மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பது அடுத்த எண்ணம். அந்த மனக்கணக்கு எவ்வளவு தவறும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, பொருளியலில் இன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. மாதச் சந்தாவாக எழுபது டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கைந்து முறைதான் வந்திருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே கூடத்தில் பத்து வருகைகளுக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான். மாதச் சந்தாக்காரர்களில் பெரும்பாலோர் தேவையில்லாமல் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏமாற்றப்படவில்லை, இரண்டு கட்டணங்களும் கண்ணெதிரே எழுதப்பட்டிருந்தன. எதிர்காலத்தில் தாம் எத்தனை முறை வருவோம் என்பதை அவர்கள் அளவுக்கு மீறி மதிப்பிட்டார்கள். பொருள் வாங்கும் ஒவ்வொரு தருணத்திலும் இப்படி ஒரு முன்கணிப்பு இருக்கிறது. தினமும் நடப்பேன் என்றுதான் டிரெட்மில் வாங்குகிறோம். வாரம் ஒருமுறை பிழிவேன் என்றுதான் ஜூஸர் வாங்குகிறோம். அந்தக் கணிப்பு பொய்த்ததைப் பொறுமையாகக் குறித்துவைத்து, அடுத்த முறை கடைக்குப் போவதற்கு முன் எடுத்துக்காட்ட நினைவாற்றலால் முடிவதில்லை. எழுதிவைத்த பதிவால் முடியும்.

பயன்பாட்டுக் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1924இன் இறுதியில் ஜெனீவாவில் கூடிய உலகின் முன்னணி மின்விளக்கு உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தார்கள். ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்ற நிறுவனங்கள் அதில் இருந்தன. சந்தைகளைப் பங்கிட்டுக்கொண்டதோடு, குண்டு பல்பின் ஆயுள் ஆயிரம் மணி நேரம் என்றும் வரையறுத்தார்கள். அதற்கு முன் 1,500 மணி நேரத்துக்கு மேல் எரியும் பல்புகள் சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உறுப்பினரும் மாதிரிகளைப் பொது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குறித்த ஆயுளைத் தாண்டி எரியும் பல்புகளுக்கு அபராதம் கட்ட வேண்டும். ஆயுள் குறைந்தால் ஒளி கூடும் என்பதில் பொறியியல் உண்மை உண்டு. அதைக் கூட்டணி ஒரு நியாயமாகச் சொன்னது. ஆனால், எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கணக்கு வைத்தவர்கள் உற்பத்தியாளர்கள். வீட்டில் பல்பை மாற்றிக்கொண்டிருந்தவர்களிடம் எந்தக் கணக்கும் இல்லை. போன பல்பு இதைவிட அதிக நாள் எரிந்ததே என்ற சந்தேகம் தோன்றினாலும் அதை நிறுவ ஒரு தேதிகூடக் கையில் இருந்திருக்காது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோதுதான் அந்தக் கூட்டணி கலைந்தது.

அதே விளக்கு, கணக்கு சரியாகப் போடப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் நமக்குக் காட்டியிருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு ஆயிரம் மணி நேரம் எரிந்தால் 60 யூனிட் மின்சாரம் செலவாகும். கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி விளக்குக்கு 9 யூனிட் போதும். யூனிட் ஐந்து ரூபாய் என்று கொண்டால் முன்னதற்கு 300 ரூபாய், பின்னதற்கு 45 ரூபாய். கடையில் பன்னிரண்டு, பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த குண்டு பல்பு வீட்டில் எரியும்போது பெரும் செலவாளியாக இருந்தது. ஆனாலும், பல நூறு ரூபாய் கொடுத்து எல்இடி வாங்கச் சாதாரணக் குடும்பங்கள் முன்வரவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அந்த முட்டுக்கட்டையை உடைத்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. திட்டத்தின் வழியாக மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்களிடம் சேர்ந்தன. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு என்ன செலவு என்ற கணக்கை அரசு போட்டது; அதன் பலன் கோடிக்கணக்கான மின்கட்டண ரசீதுகளில் தெரிந்தது. அந்தக் கணக்கைப் பிற பொருள்களுக்கும் போட்டுப் பார்க்கும் வசதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் செயலியின் வடிவம் முக்கியமாகிறது. இத்தகைய செயலியில் ஒரு பொருளுக்கு நான்கைந்து விவரங்களைப் பதிந்தால் போதும்: பெயர், வாங்கிய நாள், கொடுத்த தொகை, பழுதுச் செலவு, பயன்படுத்திய தடவை. மீதியைச் செயலியே கணக்கிட்டுக்கொள்ளும். இதை எந்த நிறுவனமும் இலவசமாகச் செய்து தரலாமே என்றால், தரலாம். ஆனால், அந்தப் பட்டியல் எத்தகையது என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் என்னென்ன இருக்கிறது, ஃபிரிட்ஜுக்கு எத்தனை வயது, எந்தப் பொருளில் அந்தக் குடும்பம் அதிருப்தியாக இருக்கிறது என்று சொல்லும் பட்டியலைவிட விற்பனையாளருக்கு மதிப்புமிக்க தகவல் வேறில்லை. குறைவாக வாங்கவும் நன்றாகப் பயன்படுத்தவும் உதவ வேண்டிய கருவி, அடுத்த விற்பனைக்குத் துப்புக் கொடுக்கும் கருவியாக மாற அதிக நாள் ஆகாது. திறமூலச் செயலியில் நிரல் வெளிப்படையாக இருப்பதால் தகவல் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் யாரும் சோதித்துப் பார்க்கலாம். பதிவுகளை நம் கைபேசியின் உலாவியிலேயோ, சொந்தக் கணினியிலேயோ வைத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். கணக்குமுறையும் கண்ணுக்குத் தெரியும். வட்டியில்லாத் தவணை என்று வாங்கிய பொருளுக்கான செயல்பாட்டுக் கட்டணம் தொகுதியில் சேர்ந்ததா, மறுவிற்பனைத் தொகை கழிந்ததா என்று பார்க்கலாம். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. அந்த எச்சரிக்கையை வீட்டுக் கணக்கில் ஏற்றுவதற்குச் சூத்திரத்தைத் திருத்தும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் கையில் இருக்கும் கணக்கு எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதற்கு மின்ட் என்ற அமெரிக்கச் செயலியைச் சொல்லலாம். குடும்ப வரவு செலவைக் கண்காணிக்க லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய இலவசச் சேவை அது. கடன் அட்டைகளையும் கடன்களையும் பரிந்துரைப்பதன் மூலம் அது வருவாய் ஈட்டியது. இன்ட்யூட் நிறுவனம் 2009இல் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பயனர்களைத் தன்னுடைய மற்றொரு நிதிச் சேவைக்குப் போகச் சொன்னது. பல வருடம் பழகிய கணக்குமுறை, பயனர்களின் விருப்பத்தை யாரும் கேட்காமலே முடிந்துபோனது. இதற்கு நேர்மாறானது ஆக்சுவல் என்ற வரவு செலவுச் செயலியின் கதை. கட்டணச் சேவையாகத் தொடங்கிய அது வணிகமாக நிலைக்காதபோது, 2022இல் அதை உருவாக்கியவர் நிரலைத் திறமூலமாக வெளியிட்டார். தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்றும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய குனுகேஷ் என்ற கணக்கு மென்பொருளும் கால் நூற்றாண்டைக் கடந்து இயங்குகிறது. திறமூலத் திட்டங்களும் கைவிடப்படுவதுண்டு. ஒருவர் ஆர்வத்தில் எழுதி, ஆறு மாதத்தில் விட்டுவிட்டவை ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. வித்தியாசம் என்னவென்றால், கைவிடப்பட்ட திறமூல நிரலை வேறொருவர் எடுத்துத் தொடரலாம், பதிவுகளைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு செயலிக்கு மாறலாம். பத்து வருடம் உழைக்கும் கிரைண்டரின் கணக்கை வைக்க வேண்டிய இடம் பத்து வருடமாவது நிற்க வேண்டும்.

இனி இந்தக் கணக்கின் மீதே எழும் ஆட்சேபங்களைப் பார்க்கலாம். வாழ்க்கையில் எல்லாவற்றையும் தடவைக் கணக்கில் அளக்க முடியுமா என்பது முதல் ஆட்சேபம். முடியாது, அளக்கவும் கூடாது. கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டு ஐந்தே முறை உடுத்தப்பட்டிருக்கலாம். அதன் மதிப்பு அதில் கூடியிருக்கும் உறவிலும் நினைவிலும் இருக்கிறது. தலைக்கவசம் ஒருமுறைகூட அடி வாங்காமல் இருப்பதுதான் நல்லது. தீயணைப்புக் குடுவை பயன்படாமலே காலாவதியானால் மகிழ வேண்டும். திருப்பிப் படிக்கும் புத்தகத்தையும் ஒரே வாசிப்பில் மனதை மாற்றிய புத்தகத்தையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம் என்ற எண்ணத்தில் வாங்கும் பொருள்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். அந்த எல்லைக்குள்ளேயே அதற்கு வேலை நிறைய இருக்கிறது. நம் ஊர்களுக்கு இந்த அறிவு புதிதும் இல்லை. கல்யாணத்துக்குத் தேவைப்படும் பெரிய அண்டாவையும் ஜமக்காளத்தையும் சொந்தமாக வாங்காமல் வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்தவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பயன்படும் பொருளுக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை என்று கணக்குப் பார்த்தவர்கள்தான். அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் துளையிடும் கருவி, ஏணி, ரம்பம் போன்றவற்றை இரவல் கொடுத்துவருகிறது. அரிதாகப் பயன்படும் பொருள்களுக்கு ஒரு தடவைக்கான செலவு எவ்வளவு என்று தெரிந்தால், வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, பக்கத்து வீட்டில் கேட்பதா என்ற முடிவு எளிதாகிறது.

எண்ணிக்கொண்டே இருந்தால் அனுபவிக்கும் மகிழ்ச்சி போய்விடாதா என்பது இரண்டாவது. இதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஜோர்டான் எட்கின் என்ற ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், நடப்பது, படிப்பது, வண்ணம் தீட்டுவது போன்ற செயல்களை அளந்துகொண்டே செய்தவர்கள் அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக மகிழ்ந்தார்கள் என்று காட்டினார். பொழுதுபோக்கு, வேலையாக மாறிவிடுகிறது. இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். வயலினை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செயலியில் தட்ட வேண்டும் என்றால் அந்தச் செயலியைத் தூக்கிப் போடுவதே நல்லது. கிரைண்டர், மிக்ஸி, காலணி, அலுவலகப் பை போன்ற சாதுவான பொருள்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றிலும் ஒவ்வொரு தடவையும் எண்ணத் தேவையில்லை. வாரத்துக்கு இத்தனை முறை என்று ஒருமுறை பதிந்துவிட்டு, பழக்கம் மாறும்போது மட்டும் திருத்தினால் போதும். விலை கூடிய பத்துப் பொருள்களை ஒரு வருடம் கவனித்தாலே ஒரு குடும்பம் தன்னைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளும். நல்ல செயலி குறைவாகக் கேட்கும் செயலி.

மூன்றாவது ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. எண்ணைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வேண்டாத பொருளையும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழக்கம் வந்துவிடலாம். ஹால் ஆர்க்ஸ், கேதரின் புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவகாலச் சீட்டு வாங்க வந்த சிலருக்கு எதேச்சையாகத் தள்ளுபடி கொடுத்தார்கள். நாடகங்கள் அதே நாடகங்கள்தான். ஆனாலும், முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசை வசூலிக்க வேண்டும் என்ற உந்துதல் மனிதருக்கு இயல்பு. கடிக்கும் செருப்பை, விலை அதிகம் என்பதற்காகப் போட்டுக்கொண்டு நடப்பது அறிவுடைமை அன்று. போன பணம் போனதுதான். ஆகவே, இந்த எண்ணை நடந்துமுடிந்த வாங்குதலுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து வாங்குவதற்கான அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடித்த செருப்பை அணியக்கூடியவருக்குக் கொடுத்துவிட்டு, அதன் கணக்கை அங்கேயே மூடி, அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவதே இந்தக் கணக்கின் சரியான பயன்.

நான்காவதுதான் கனமான ஆட்சேபம். நீடித்து உழைக்கும் பொருள் ஒரு தடவைக்கு மலிவு என்பது ஏழைக்குத் தெரியாதா? தெரியும். அதை வாங்க ஒரே நேரத்தில் பணம் இல்லை. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் 1993இல் எழுதிய நாவல் ஒன்றில் வரும் காவலர் இதையே யோசிக்கிறார். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருடம் வரும். பத்து டாலர் பூட்ஸ் ஓரிரு பருவம்தான் வரும். ஐம்பது டாலர் இல்லாதவர் பத்து வருடத்தில் நூறு டாலர் செலவழித்தும் நனைந்த கால்களோடே இருப்பார். நம் நாட்டில் நடைபாதையில் வாங்கும் செருப்பு, சில மாதங்களில் கிழியும் பள்ளிப் பை, தரமற்ற பேட்டரி எல்லாவற்றிலும் இந்த அநியாயம் அன்றாடம் நடக்கிறது. செயலி ஏழைக்குப் பணம் கொடுக்காது. ஆனால், ஏழை அதிகம் கொடுக்கிறார் என்ற உண்மையை ரூபாயில் காட்டும் கணக்கு இல்லாமல் அந்த அநியாயத்தைக் கொள்கையாளர்களின் மேசைக்குக் கொண்டுபோகவும் முடியாது. உஜாலா எப்படி ஒரு மணி நேர வெளிச்சத்தின் செலவைப் பார்த்ததோ, அப்படியே அரசு வழங்கும் பள்ளிப் பையும் காலணியும் மிதிவண்டியும் கொள்முதல் விலையோடு உழைத்த நாள்களையும் சேர்த்து மதிப்பிடப்பட வேண்டும். மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியே மிகக் குறைந்த செலவு என்ற எண்ணம் வீட்டைவிட அரசுக்கு அதிக நஷ்டம் தருவது.

பணத்தில் போடும் இந்தக் கணக்கைச் சுற்றுச்சூழலுக்கும் போடலாம். டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் பருத்திப் பை ஒன்று கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், பருவநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தால் 52 முறையும், எல்லாச் சூழல் அளவுகோல்களையும் பார்த்தால் 7,100 முறையும் பயன்பட வேண்டும் என்று கணக்கிட்டது. தெருவிலும் கடலிலும் சேரும் பிளாஸ்டிக் குப்பையின் கேடு அந்த எண்ணில் சேரவில்லை என்பதால், பிளாஸ்டிக்கே நல்லது என்று முடிவு கட்டுவது தவறு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்கு அந்த ஆய்வில் ஒரு நல்ல அறிவுரை இருக்கிறது: பை கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, ஒரே பை நூற்றுக்கணக்கான முறை கடைக்குப் போய் வர வேண்டும். ஆடைகளிலும் இதே நிலைதான். 2000க்கும் 2015க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. ஓர் ஆடை வீசப்படுவதற்கு முன் உடுத்தப்படும் தடவைகள் பதினைந்து ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்தன என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் சொன்னது. 2022இல் உலகம் உண்டாக்கிய 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. அறிக்கை. வெட்டியெடுத்த கனிமத்துக்கும் செலவான நீருக்கும் நியாயம் செய்வது, அவற்றால் ஆன பொருளை நெடுநாள் பயன்படுத்துவதே.

பிரான்ஸ் 2021 ஜனவரியில் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் மீது பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டச் செய்தது. உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை, எளிதில் பிரிக்க முடியுமா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடங்கின. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றை வகுக்க 2024இல் குழு அமைத்தது. இவையெல்லாம் உற்பத்தியாளர் சொல்லும் தகவலை நம்பி நிற்பவை. வாங்கியவர்களின் பதிவும் சேர்ந்தால்தான் சோதனை முழுமையாகும். விருப்பமுள்ள குடும்பங்கள் பெயரும் அடையாளமும் நீக்கி, எந்த வகைப் பொருள் எத்தனை வருடம் உழைத்தது, முதல் பழுது எப்போது வந்தது என்ற விவரங்களை மட்டும் பொதுவில் பகிர்ந்தால், உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு பழுதாகும் பொருள் எது என்று ஊருக்கே தெரியும். ஃபீபஸ் காலத்துப் பயனரிடம் இல்லாத சான்று இன்றைய பயனரிடம் இருக்கும். நுகர்வோர் நீதிமன்றத்தில் தனியொருவரின் குமுறலாக ஒலிப்பது, ஆயிரம் பதிவுகளின் துணையோடு வழக்காகும்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் உள்ளன. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்துவருகிறது. அதைப் படித்து நிரல் எழுதக் கற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். இத்தகைய செயலி ஒன்றை முழுமையாகத் தமிழாக்கி, குறைந்த விலைக் கைபேசியிலும் இணையம் இல்லாத நேரத்திலும் இயங்கும்படி செய்வது ஒரு கல்லூரித் துறை ஓராண்டில் செய்யக்கூடிய வேலை. நுகர்வோர் மன்றங்கள் மாணவர்களிடம் அவரவர் பள்ளிப் பையையும் காலணியையும் ஓராண்டு கணக்கிடச் சொல்லலாம்; பின்னமும் சராசரியும் வாழ்க்கைக்கு எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அரசுத் துறைகள் தங்கள் கொள்முதல்களுக்கும் இதே செயலியைப் பயன்படுத்தி, முடிவுகளை வெளியிட வேண்டும். எந்த உற்பத்தியாளருக்கும் இதில் அஞ்ச ஒன்றுமில்லை, அவர் நன்றாக உழைக்கும் பொருளைத் தயாரிப்பவராக இருந்தால். கோவையில் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறைக்கு விளம்பரத்துக்குக் கோடிகள் இல்லை. பத்து வருடம் ஓடிய ஆயிரம் கிரைண்டர்களின் பொதுக்கணக்கு அந்தப் பட்டறையின் நற்பெயரை எந்த விளம்பரத்தையும்விட நன்றாகச் சொல்லும். விலையை அவர்கள் எழுதட்டும். பயனை நாம் எழுதுவோம், நம் மொழியில், நம் கையிலேயே இருக்கும் கணக்கில். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் சந்தையில்தான் தரமான பொருளுக்கும் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கும் உரிய மரியாதை கிடைக்கும்.